ஊறுகாயும் உப்புக் கணக்கும்

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"உணவை ஊறவைத்துப் பக்குவம் செய்தல்" என்று செயலாளர் எனக்குத் தலைப்பு கொடுத்தார். "இதை மாமிமார்கள் அல்லவா பேச வேண்டும்?" என்று கேட்டேன். "செய்முறையை அவர்கள் சொல்வார்கள், காரணத்தை நீங்கள் சொல்லுங்கள்" என்றார். கல்லூரியில் விஞ்ஞானம் படித்தவன், அரசு உத்தியோகத்தில் பாலக்காட்டிலும் பிறகு இடுக்கியிலுமாகப் பல வருஷங்கள் கழித்தவன் என்ற இரண்டு தகுதிகளை வைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். இந்த இரண்டு ஜில்லாக்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் இரண்டும் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பவை. கொல்லங்கோடு, முதலமடை ஒரு பக்கம்; மறையூர், போடிமெட்டு, குமுளி இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்துச் சமையலறைகளிலும் ஊறவைக்கும் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'மாரினேட்' என்கிறார்கள். கடல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். கடல் நீரைப் போன்ற உப்பு நீரில் இட்டு வைப்பது என்பதே ஆதியில் அதன் பொருள். நம் சொல்லோ அதைவிட அழகானது. பள்ளிக்கூடத்தில் இலக்கண வாத்தியார் வினைத்தொகைக்கு என்ன உதாரணம் சொன்னார் என்று நினைத்துப் பாருங்கள். ஊறுகாய்! ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலமும் அதில் அடங்கும். பரணிக்குள் நடப்பதும் அதுதான். மூடி வைத்த பிறகும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அந்த வேலை என்ன, அதைச் செய்வது யார், அதில் நாம் கை வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

உப்பு செய்யும் வேலை

மாங்காயையும் கல்லுப்பையும் பரணியில் அடுக்கி வைக்கிறோம். ஒரு சொட்டு தண்ணீர்கூட விடுவதில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அடியில் நீர் நிற்கிறது. அது மாங்காயின் சொந்த நீர். காயின் செல்களைச் சுற்றி மெல்லிய சவ்வு உண்டு. வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு என்றால், உள்ளேயிருக்கும் நீர் அந்தச் சவ்வு வழியாக வெளியே வந்துவிடும். சவ்வூடு பரவல் என்று பாடப் புத்தகத்தில் படித்தது இதுதான். மெதுவாக உப்பும் உள்ளே போகிறது. காய் சுருங்குகிறது.

உணவைக் கெடுக்கும் கிருமிகளும் செல்கள்தாம். உப்பு நீரில் அவற்றின் நீரும் உறிஞ்சப்பட்டு விடுவதால் அவை பெருக முடிவதில்லை. கொஞ்சம் உப்பைத் தாங்கக்கூடிய லாக்டிக் அமில பாக்டீரியா மட்டும் பிழைத்துக்கொண்டு, காயிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றும். தயிரில் வேலை செய்யும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான் இவை. உப்பு மிக அதிகமானால் இவையும் மந்தமாகிவிடும். நம் உப்புமாங்காயில் பெரும்பாலும் உப்பும், மாங்காயின் பிறவிப் புளிப்புமே காவல் காக்கின்றன.

ஆக, ஊறுகாய்க்கு உப்பு ருசிக்காக மட்டும் போடுவதல்ல. அது ஒரு காவல்காரன். உத்தியோக பாஷையில் சொன்னால், பரணிக்குள் ஐந்து காவல்காரர்கள் பணியில் இருக்கலாம். உப்பு, புளிப்பு, காற்றுப் புகாமை, ஈரமின்மை, குளிர்ச்சி ஆகியவையே அந்த ஐவர். ஒருவருக்கு லீவு கொடுத்தால் அந்த இடத்துக்கு இன்னொருவரைப் போஸ்டிங் போட்டாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

பாலக்காட்டுப் பரணி

நம் கண்ணிமாங்காயை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மாவடு என்பார்கள். கொட்டை முற்றாத பிஞ்சை, கீழே விழாமல், காம்போடு பறிக்க வேண்டும் என்பது பாட்டிமார்களின் கண்டிப்பு. இதில் வெறும் அழகுணர்ச்சி மட்டும் இல்லை. கீழே விழுந்த காயில் அடிபட்ட இடம் கிருமி நுழையும் வாசல். காம்பை ஒடித்தால் பால் வடிந்துவிடும். மாவடுவின் வாசனைப் பொருள்களில் பெரும் பங்கு அந்தப் பாலில்தான் இருக்கிறது. பூஞ்சையை எதிர்க்கும் பொருள்களும் அதில் இருப்பதை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

காயை அலம்பி, துணியால் துடைத்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி, பிறகுதான் உப்பு. தினமும் குலுக்கி விட வேண்டும். மேலே மிதக்கும் காய்க்கும் உப்பு நீர் எட்ட வேண்டுமே. காய் சுருங்கி, நீர் ஏறியபின், அந்த நீரிலேயே மிளகாய்ப் பொடியும் கடுகுப் பொடியும் கரைத்துச் சேர்த்தால் கடுமாங்காய். முழுக் கடுகில் காரம் கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். பொடித்து ஈரம் பட்டவுடன்தான் நெடி ஏறுகிறது. கடுகுக்குள் தனித்தனியே இருக்கும் ஒரு நொதியும் ஒரு கந்தகப் பொருளும் அப்போதுதான் சந்திக்கின்றன. அந்த நெடிக்கே கிருமிகளைத் தடுக்கும் சக்தி உண்டு.

கடைசியில் எண்ணெயில் தோய்த்த வெள்ளைத் துணியை மேலே பரப்பி, வாயைக் கட்டிவிடுவார்கள். பூஞ்சைக்குக் காற்று வேண்டும். எண்ணெய்த் துணி அதைத் தடுக்கிறது. சில வீடுகளில் பரணியை மண்ணில் புதைத்து வைத்தார்கள். பாலக்காட்டு வெயிலிலும் மண்ணுக்கடியில் சூடு அவ்வளவாக ஏறி இறங்காது. பீங்கான் பரணி உப்புக்கும் புளிப்புக்கும் அசையாது, உலோகம் அரித்துவிடும். யாரும் ரசாயனம் படிக்கவில்லை. ஆனால் ஐந்து காவல்காரர்களில் நால்வரை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஈரக் கையால் தொடாதே, எச்சில் கரண்டி போடாதே என்ற விதிகளுக்கு நல்ல விஞ்ஞானக் காரணம் உண்டு. ஆனால் மாதத்தில் சில நாட்கள் பெண்கள் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்று சொல்லி வந்ததற்கு எந்தக் காரணமும் கிடையாது. கிருமிக்கு ஈரம் தெரியும், அழுக்கு தெரியும், வேறெதுவும் தெரியாது. கை சுத்தமாக, உலர்ந்து இருந்தால் யாரும் எந்த நாளும் தொடலாம்.

தயிரில் ஊறும் மிளகாய்

அடுத்தது நம் கொண்டாட்டம், அதாவது மோர்மிளகாய். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த தயிரில் ஊறவைக்கிறோம். பகலில் எடுத்து வெயிலில் காயவைத்து, இரவில் மறுபடி அதே மோரில் போடுகிறோம். மோர் முழுதும் வற்றும்வரை மூன்று நான்கு நாள் இப்படி நடக்கும்.

கீறுவது எதற்கு? மிளகாயின் தோல் மெழுகுப் பூச்சு உள்ளது; நீர் உள்ளே போகாது. ஊறவைக்கும் எதிலும் இது ஒரு பொது விதி. கரைந்த உப்பு மிகச் சிறிய அயனிகளாக இருப்பதால் உள்ளே வரை போகும். மசாலாவின் வாசனைப் பொருள்களில் பெரும்பாலானவை எண்ணெயில் கரைபவை, மேற்பரப்பிலேயே தங்கிவிடும். வடக்கே பனீரைத் தயிர் மசாலாவில் எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் நடுவில் வெட்டிப் பார்த்தால் வெள்ளையாகவே இருப்பது இதனால்தான். நம்மவர்கள் கீறியும், மெல்லியதாக நறுக்கியும் இந்தச் சங்கடத்தைத் தீர்த்தார்கள்.

மிளகாயின் காரப்பொருள் நீரில் கரையாது. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். மோர்மிளகாய் கொஞ்சம் சாதுவாக இருப்பதில் தயிருக்குப் பங்கு உண்டு. இங்கே உப்பு குறைவாக இருந்தாலும் தயிரின் புளிப்பும், முடிவில் ஈரமின்மையும் காவல் காக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்றும், மாசி பங்குனி வெயிலும் இதற்கென்றே அமைந்தவை. சுண்டைக்காய், கொத்தவரங்காய், தாமரைக்கிழங்கு என்று நாம் வற்றல் போடாத காயே இல்லை எனலாம்.

இடுக்கியின் மிளகு

இடுக்கி மலையில் நிலைமை வேறு. மழைக்காலம் நீளம்; மூடுபனி வேறு. ஆனால் மிளகுக் கொடி இல்லாத வீட்டுத் தோட்டம் அபூர்வம். கேரளத்தில் மிளகு மிக அதிகமாக விளைவது இடுக்கியில்தான். ஒரே மிளகு, ஊறவைக்கும் விதத்தால் மூன்று பொருளாவதை அங்கே பார்க்கலாம்.

பறித்த பச்சை மிளகை அப்படியே வெயிலில் போட்டால், தோலிலுள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து அதைக் கறுப்பாக்குகிறது. அதுதான் நம் அஞ்சறைப்பெட்டி மிளகு. பழுத்த மிளகை ஒரு வாரம் பத்து நாள் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் அழுகிக் கழன்றுவிடும். தேய்த்து அலம்பிக் காயவைத்தால் வெள்ளை மிளகு. இளம் மிளகைச் சரத்தோடு உப்பிலும் எலுமிச்சைச் சாற்றிலும் போட்டால் அந்த நொதி அடங்கிப்போய், மிளகு பச்சையாகவே நிற்கும். தயிர் சாதத்துக்கு ஒரு சரம் போதும்.

ஆனால் பச்சை மிளகு மாங்காயைப் போலப் புளிப்புள்ளதல்ல. அதனால் உப்போ எலுமிச்சையோ குறைந்தால் அதற்குச் சொந்தப் பாதுகாப்பு கிடையாது. இதை நினைவில் வையுங்கள். மறுபடியும் இதற்கு வருகிறேன்.

அங்கே காட்டு நெல்லிக்காயைத் தேனில் ஊறப் போடுவதும் உண்டு. உப்புக்குப் பதில் சர்க்கரை; தத்துவம் அதே தத்துவம்தான். தேனில் நீர் மிகக் குறைவு, அது நெல்லியின் நீரை இழுக்கிறது. நீர் இறங்கி மேலே தேன் தண்ணீராகிவிட்டால் புளித்துவிடும். அதனால்தான் நெல்லிக்காயை முதலில் உலர்த்தச் சொல்கிறார்கள்.

கடல் கடந்த உறவினர்கள்

உலகத்தில் நமக்கு மிக நெருங்கிய ஊறுகாய் உறவு ஜப்பானில் இருக்கிறது. 'உமெபோஷி' என்று பெயர். ஜூன் மாதம் பறித்த உமெ என்ற புளிப்புக் காயை உப்பில் அடுக்கி, கனம் வைத்து, அதன் நீரிலேயே ஊறவிட்டு, பிறகு மூன்று நாள் வெயிலில் காயவைப்பார்கள். பழைய முறையில் காயின் எடையில் 18 முதல் 20 சதவீதம் உப்பு. கஞ்சிக்கும் சாதத்துக்கும் ஒன்று வைத்துக்கொள்வார்கள். கஞ்சியும் உப்புமாங்காயும் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜப்பானியர்களுக்கும் ரத்த அழுத்தக் கவலை வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் என்பது நமக்குப் பாடம். முழு உப்பில் ஊறவைத்த காயை, விற்பதற்கு முன் நீரில் ஊறப்போட்டு உப்பை இறக்கிவிடுகிறார்கள். உப்பு இறங்கிய காய்க்குக் காவல் குறைந்துவிட்டதல்லவா? அதனால் அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லியோ வேறு பாதுகாப்புச் சேர்த்தோ விற்கிறார்கள்.

கொரியாவின் கிம்ச்சியும் அப்படித்தான். முதலில் முட்டைக்கோஸை உப்பில் மணிக்கணக்காக ஊறவைத்து, பிறகு அலம்பிப் பிழிந்து, அதன்பின் மிளகாய் மசாலா. முடிவில் நிற்கும் உப்பு ஏறக்குறைய இரண்டு சதவீதம்தான். ஆனால் அது குளிர் தேசம். பானையைப் பனிக்காலத்தில் மண்ணில் புதைத்தார்கள், இப்போது கிம்ச்சிக்கென்றே தனி ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். உப்பு விட்ட இடத்தில் குளிர்ச்சியும் புளிப்பும் நிற்கின்றன. கூட்டாகக் கிம்ச்சி போடும் அவர்கள் வழக்கத்தை 2013-ல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மனியின் புளித்த முட்டைக்கோஸுக்கும் உப்பு இரண்டு இரண்டரை சதவீதம்தான். அதுவும் குளிர்ந்த நிலவறையில் வைப்பது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்

நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். டாக்டர் "உப்பைக் குறையுங்கள்" என்கிறார். உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவாகத்தான் சொல்கிறது. சாம்பார், ரசம், மோர் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, பல வீடுகளில் வடுமாங்காய்க்குப் பாதி உப்புப் போடுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் குறைக்க வேண்டிய இடம் பரணியல்ல, இலை.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ வடுவுக்கு 200 கிராம் உப்பு போட்டால், மொத்தம் 1200 கிராமில் 200, சுமார் 16.7 சதவீதம். 140 கிராம் போட்டால் 12.3. பயந்து 100 கிராம் மட்டும் போட்டால் 9.1 சதவீதம்தான் வரும். உப்பு நீரில் இட்டு விற்கும் ஊறுகாய்க்கு 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று நம் நாட்டின் 2011-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகள் வகுத்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உப்பு குறைந்த மாவடு அலமாரியில் இருந்தால் மேலே பூஞ்சை கட்டும், சதை கொழகொழத்துப் போகும்.

மாங்காய் புளிப்பாக இருப்பதால் பெரும்பாலும் நஷ்டம் மாங்காயோடு போய்விடும். புளிப்பில்லாத பொருள்களில்தான் உண்மையான அபாயம். பச்சை மிளகு, இஞ்சி, காரட், பூண்டு போன்றவற்றைக் குறைந்த உப்பில், புளிப்புச் சேர்க்காமல், எண்ணெய்க்கடியில் காற்றில்லாமல் வெளியே வைத்தால், பாட்டுலிசம் என்ற கொடிய நோய்க்குக் காரணமான நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர இடம் கொடுக்கிறோம். அதன் வித்து மண்ணில் சாதாரணமாக இருப்பது. அந்த நஞ்சு நிறத்திலோ மணத்திலோ தெரிய வேண்டுமென்பதில்லை. உப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, பி.எச். அளவு 4.6-க்குக் கீழே வரும்படி புளிப்பு இருந்தாலோ அது வளராது. எண்ணெய் மட்டும் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு.

அதனால் மூன்று யோசனைகள் சொல்கிறேன்.

ஒன்று: வருஷத்துக்கு வைக்கும் ஊறுகாயில் உப்பைக் குறைக்காதீர்கள். படிக் கணக்கை விட்டு எடைக் கணக்குக்கு வாருங்கள். நாலு பங்கு மாங்காய்க்கு ஒரு பங்கு உப்பு என்று பெரியவர்கள் சொன்னது நாழியில் அளந்த கல்லுப்பு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி உண்டு. அதே நாழியில் பொடி உப்பை அளந்தால் எடை பெரும்பாலும் கூடிவிடும்.

இரண்டு: உப்பு குறைவாகத்தான் வேண்டும் என்றால், அது வேறு பண்டம் என்று எண்ணிச் செய்யுங்கள். எலுமிச்சை தாராளமாகப் பிழிந்து, கொஞ்சமாகப் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, நாலைந்து நாளில் தீர்த்துவிடுங்கள். நறுக்கின மாங்காய், மாங்காய் இஞ்சி இதற்கு ஏற்றவை.

மூன்று: பரணியிலிருந்து எடுத்ததை அப்படியே இலையில் வைக்காதீர்கள். 15 சதவீத உப்புள்ள மாங்காயின் சதை 10 கிராம் சாப்பிட்டால் ஒன்றரை கிராம் உப்பு. நாள் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தது. ஜப்பானியர்கள் செய்வதைப் போல நீரில் சிறிது நேரம் ஊறப்போட்டு, நீரைக் கொட்டிவிட்டு எடுங்கள். உண்மையில் இதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. உப்புமாங்காயை அலம்பி, தேங்காய், பச்சைமிளகாயோடு அரைத்துத் தயிரில் கலக்கும் நம் பச்சடியில் வேறு உப்பே போட மாட்டார்கள். ஒரு மாங்காய் நாலு பேருக்குப் போகும். பழையவர்கள் ஊறுகாயை உப்பின் இடத்தில் வைத்தார்கள், உப்புக்கு மேலே வைக்கவில்லை.

கடையில் 'லோ சோடியம்' உப்பு என்று ஒன்று விற்கிறது. அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

ஒரு வேண்டுகோள்

முதலமடைப் பக்கம் மாந்தோப்புகள் நிறைய உண்டு. நாட்டிலேயே முதலில் சந்தைக்கு வரும் மாம்பழங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அவை பழத்துக்காக வளர்க்கும் ஜாதிகள். நல்ல கண்ணிமாங்காய் தருவது வேலியோரத்து நாட்டு மாமரம். வீடு கட்டவும் ரோடு அகலப்படுத்தவும் முதலில் விழுவது அதுதான். ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் அந்த மரத்தை வெட்டுமுன் ஒரு தரம் யோசியுங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டி வேறிடத்தில் வையுங்கள். கொட்டை போட்டால் அதே குணம் வருமென்பது நிச்சயமில்லை.

அதைவிட அவசரமானது இன்னொன்று. நம் வீடுகளில் எண்பதைத் தாண்டிய பாட்டிகளும் அத்தைகளும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கு கையில் இருக்கிறது, ஏட்டில் இல்லை. "கண்ணளவு" என்பார்கள். அடுத்த முறை அவர்கள் மாங்காய்க்கு உப்பு அள்ளும்போது, அந்தக் கையளவை ஒரு தராசில் போட்டு, இத்தனை கிராம் காய்க்கு இத்தனை கிராம் உப்பு, இத்தனை நாள் என்று பேத்தியோ பேரனோ எழுதி வைத்துக்கொள்ளட்டும். மும்பையில் இருந்தாலும் மெல்பர்னில் இருந்தாலும் அந்தத் தாளை வைத்துச் செய்ய முடியும். "பாட்டி போட்ட மாதிரி வரவில்லை" என்று பிறகு வருத்தப்படுவதில் பிரயோஜனம் இல்லை.

உங்கள் வீட்டுக் கணக்கை எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்பினால், அடுத்தடுத்த இதழ்களில் வெளியிட ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.